கணக்கேடு எழுதிய கதைகள்

தொலைக்காட்சித் தொடரின் ஓர் எபிசோடுக்குக் கதை எழுதப்படும் முன்பே அதன் விலை முடிவாகிவிடுகிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் இருந்த ஏற்பாட்டின்படி, ஒளிபரப்பும் நெட்வொர்க் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஓர் உரிமத் தொகையைத் தயாரிப்பு ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும். பெரும்பாலும் அது செலவுக்குப் போதாது. துண்டு விழும் பணத்தை ஸ்டுடியோ தன் கையிலிருந்து போட்டு, பிற்பாடு மறு ஒளிபரப்பு உரிமையை விற்று மீட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கும். இதனால் ஸ்டுடியோ ஒரு சராசரித் தொகையை வரையறுத்து, எல்லா எபிசோடுகளும் அதற்குள் அடங்க வேண்டும் என்று கண்டிப்பு காட்டியது. ஒரு வாரம் வரம்பு மீறினால் இன்னொரு வாரம் ஈடுகட்ட வேண்டும். பிரிட்டனில் பிபிசி விளம்பர வருவாயை நம்பி இயங்கவில்லை. மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே அதன் வருமானம். ஆனாலும் அங்கும் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு தொகையும் ஸ்டுடியோவில் குறிப்பிட்ட மணி நேரமும் ஒதுக்கப்பட்டன.

அந்தத் தொகையின் பெரும்பகுதியில் கதாசிரியர் கைவைக்க முடியாது. முக்கிய நடிகர்களின் சம்பளம், தொழில்நுட்பக் குழுவின் கூலி, ஸ்டுடியோ வாடகை, ஃபிலிம் ஆகியவை கதை எதுவானாலும் மாறாதவை. மிச்சத்தில்தான் கதைக்கு இடம்: புதிய செட், விருந்தினர் வேடங்கள், வெளிப்புறப் படப்பிடிப்பு, இரவுக் காட்சி, கூட்டம், தந்திரக் காட்சி. வசனம் பேசும் நடிகருக்கு நடிகர் சங்க விதிப்படி தர வேண்டிய ஊதியம், பேசாமல் நிற்கும் துணை நடிகரின் ஊதியத்தைவிடப் பல மடங்கு. பழைய தொடர்களில் காவலாளியும் உணவகப் பணியாளரும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதற்கு இந்த விதியே காரணமாக இருந்திருக்கிறது.

பணத்தோடு சேர்த்து நாளையும் எண்ண வேண்டும். ஏபிசி நெட்வொர்க்கில் 1957-இல் தொடங்கிய ‘மேவரிக்’ என்ற கௌபாய் தொடரில் ஜேம்ஸ் கார்னர் ஒருவர்தான் நாயகன். ஓர் எபிசோடைப் படமாக்க ஏழு நாளுக்கு மேல் பிடித்தது. ஒளிபரப்போ ஏழு நாளுக்கு ஒருமுறை. வாரா வாரம் பின்தங்கிக்கொண்டே போகும் இந்தக் கணக்கைத் தயாரிப்பாளர்கள் கதைக்குள்ளேயே தீர்த்தார்கள். நாயகனுக்கு ஒரு சகோதரனை உருவாக்கி, ஜாக் கெல்லியை அந்த வேடத்தில் போட்டு, இரண்டு படப்பிடிப்புக் குழுக்களை ஒரே சமயத்தில் இயக்கினார்கள். ஒரு குடும்பத்தில் புதிதாக ஒரு பிள்ளை பிறந்தது நாட்காட்டியின் தேவைக்காக.

கப்பலுக்குள் அடங்கிய கதை

வரம்பு கதையின் வடிவத்தை எப்படி மாற்றுகிறது என்பதை என்பிசியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ அளவுக்குத் துலக்கமாகக் காட்டும் தொடர் வேறில்லை. லூசில் பால் தலைமையில் இயங்கிய டெசிலு என்ற நடுத்தர ஸ்டுடியோ அதைத் தயாரித்தது. முதல் முன்னோட்டப் படமான ‘தி கேஜ்’ 6 லட்சம் டாலருக்கு மேல் விழுங்கியது. நெட்வொர்க் அதை ஏற்கவில்லை. இரண்டாவது முன்னோட்டம் ஏறத்தாழ மூன்றரை லட்சத்தில் முடிந்தது. தொடராக வந்தபோது முதல் ஆண்டில் எபிசோடுக்குக் கிடைத்தது சுமார் 1,90,000 டாலர். மூன்றாம் ஆண்டில் அது 1,80,000 அளவுக்கு இறங்கியது. இதற்கிடையில் நடிகர்களின் சம்பளம் ஏறியிருந்தது. ஆகவே திரையில் தெரியும் பணம் அந்த வித்தியாசத்தைவிட அதிகமாகவே குறைந்தது.

கதை நடப்பது விண்வெளியில். வாரம் ஒரு கிரகம். பிரம்மாண்டமான கப்பல் ஒவ்வொரு கிரகத்திலும் இறங்கி ஏறுவதை மினியேச்சர் வைத்துப் படமாக்கக் கட்டுப்படியாகாது. மனிதர்களை ஒளித்துகள்களாகக் கரைத்து இன்னோர் இடத்தில் சேர்க்கும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ இந்த நெருக்கடியில் பிறந்த கருவி. அதனால் கிடைத்த லாபம் பணத்தோடு நிற்கவில்லை. இறங்கும் காட்சியில் வீணாகும் நேரம் மிச்சமாகி, கதை மூன்றாம் நிமிடத்திலேயே கிரகத்தில் தொடங்க முடிந்தது. அந்தக் கருவி பழுதாவதே ஒரு கதைக்கருவாகவும் ஆயிற்று. 1966 அக்டோபரில் வந்த ‘தி எனிமி விதின்’ எபிசோடில் டிரான்ஸ்போர்ட்டர் கோளாறால் கேப்டன் இரண்டு ஆளாகப் பிரிகிறார். மாலுமிகள் சிலர் உறைபனிக் கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சிறு விண்கலம் ஒன்றை அனுப்பி ஏன் மீட்கவில்லை என்று பார்வையாளர்கள் இன்றும் கேட்பதுண்டு. காரணம் எளிது: அப்படி ஒரு விண்கலம் அப்போது கட்டப்படவே இல்லை. பிளாஸ்டிக் பொம்மை மாதிரிகள் விற்கும் ஏஎம்டி நிறுவனம், மாதிரிகளை விற்கும் உரிமைக்குப் பதிலாக ‘கலிலியோ’ விண்கலத்தைக் கட்டிக்கொடுக்க முன்வந்த பிறகே, 1967 ஜனவரியில் அது திரைக்கு வந்தது.

அதே நிறுவனத்தின் கடைச்சரக்கு மாதிரி இன்னொரு முறையும் கைகொடுத்தது. ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடில் சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பல், கடையில் விற்கும் பொம்மையைக் கருக்கியும் உடைத்தும் செய்தது. நாயகர்களின் கப்பலுக்குரிய 1701 என்ற எண்ணின் ஒட்டுவில்லைகள்தான் பெட்டியில் இருந்தன; அவற்றையே இடம் மாற்றி 1017 என்று ஒட்டினார்கள். மருத்துவர் மெக்காயின் அறுவைக் கருவிகளோ உப்புக் குப்பிகள். ‘தி மேன் ட்ராப்’ கதையில் உப்பு தின்னும் பிராணிக்காக விதவிதமான குப்பிகளை வாங்கிவந்தார்கள். உப்புக் குப்பி என்றே பார்ப்பவருக்குப் புரியாத அளவுக்கு அவை நவீனமாக இருந்ததால் உணவு மேசையில் சாதாரணக் குப்பியை வைத்துவிட்டு, மற்றவற்றை மருத்துவரின் பைக்கு அனுப்பினார்கள்.

இவை சிறு சேமிப்புகள். பெரிய சேமிப்பு வேண்டுமென்றால் புதிய செட்டே போடக் கூடாது. இருக்கும் நிரந்தர செட்டுகளில், முக்கிய நடிகர்களை மட்டும் வைத்து, கதையை உள்ளேயே அடைத்துவிடுவதைத் துறையினர் ‘பாட்டில்’ எபிசோடு என்பார்கள். விண்கப்பல் தொடருக்கு இது இயல்பாகப் பொருந்தும். கப்பலின் கட்டளை அறை, மருத்துவ அறை, நடைகூடம் மூன்றும் நிரந்தரமாக நிற்கின்றன. 1966 டிசம்பரில் வந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ பெரும்பாலும் இரண்டு கட்டளை அறைகளுக்குள் நடக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் படங்களைப் போல ஒருவரையொருவர் பார்க்காத இரு தளபதிகள் ஊகத்தால் மோதுகிறார்கள். எதிரிகளான ரோமுலன்களுக்குக் கூர்மையான காது. ஒவ்வொருவருக்கும் ரப்பர் காது ஒட்டுவது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. ஆகவே கீழ்நிலை வீரர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கவசம் அவர்களுக்கு ஒரு ரோமானியப் படைத்தோற்றத்தைத் தந்து கதைக்கு வலுவும் சேர்த்தது. அடுத்த ஆண்டு அறிமுகமான கிளிங்கன்களுக்குக் காதும் இல்லை, கவசமும் இல்லை. முகத்தில் கரும்பூச்சு, மீசை, புருவம், அவ்வளவே. நிரந்தர எதிரிகளாக அவர்களே நிலைத்ததில் இந்த மலிவுக்கும் பங்கு உண்டு. 1979-இல் திரைப்படத்துக்குப் பணம் வந்ததும் கிளிங்கன்களின் நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்தன. பழைய நெற்றி ஏன் வழுவழுப்பாக இருந்தது என்பதற்கு விளக்கம் சொல்ல 2005-இல் ‘ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்’ தொடர் இரண்டு எபிசோடுகளைச் செலவிட்டது. ஒப்பனை மேசையில் மிச்சம் பிடித்த காசுக்கு வட்டி அது.

பிறர் கட்டிய தெருக்கள்

கப்பலை விட்டு வெளியே போகவும் மலிவான வழி உண்டு. ஏற்கெனவே யாரோ கட்டிவைத்த இடத்துக்குப் போவது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பழைய படங்களுக்காகக் கட்டிய தெருக்கள், கிராமங்கள், கோட்டை முகப்புகள் திறந்தவெளியில் நின்றன. டெசிலுவுக்குக் கல்வர் சிட்டியில் ‘ஃபார்ட்டி ஏக்கர்ஸ்’ என்ற வளாகம் இருந்தது. ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்ற நகைச்சுவைத் தொடரின் அமைதியான சிற்றூர் அங்கேதான் இருந்தது. ஸ்டார் ட்ரெக்கில் வேற்றுலகங்கள் அடிக்கடி பூமியின் சாயலில் அமைந்ததற்கு இந்த வளாகம் ஒரு காரணம். படைப்பாளரான ஜீன் ராடன்பெர்ரி தொடரை விற்க முயன்ற காலத்திலேயே, பூமிபோல் வளர்ந்த இணை உலகங்கள் என்ற கருத்தை, இருக்கும் செட்டையும் உடையையும் பயன்படுத்த உதவும் ஒரு வசதியாகவே முன்வைத்தார். ‘மிரி’ எபிசோடில் பூமியின் அச்சு அசலான பிரதி ஒன்று வருகிறது. ‘ஏ பீஸ் ஆஃப் தி ஆக்‌ஷன்’ கதையில் சிகாகோ தாதாக்கள், ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபோர்ஸ்’ கதையில் நாஜிகள், ‘பிரெட் அண்ட் சர்க்கஸஸ்’ கதையில் ரோமானியர்கள். நாஜிச் சீருடை ஹாலிவுட் உடைக் கிடங்குகளில் மலிந்து கிடந்த சரக்கு. இந்தக் கதைகளில் பல, தம் இருப்புக்கு நியாயம் சொல்லவே திணறுகின்றன. கிடங்கில் இருப்பதை வைத்துக் கதை செய்யும்போது இந்த அபாயம் எப்போதும் உண்டு.

அதே வளாகத்துத் தெருவில் எடுத்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ விதிவிலக்கு. ஹார்லன் எலிசன் எழுதி, பலர் திருத்திய இந்தக் கதை 1930-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடக்கிறது. செலவு சராசரியைக் கணிசமாகத் தாண்டியது. இத்தகைய மீறல்கள்தான் மற்ற வாரங்களின் சிக்கனத்தை வேண்டியதாக்குகின்றன. ஒரு பருவத்தின் கடைசி எபிசோடுகள் அடிக்கடி கப்பலை விட்டு நகராமல் சுருங்கிக் கிடப்பது மாதக் கடைசிச் சமையலைப் போன்றது.

பிற தொடர்களும் இந்த வழியில் நடந்தன. ‘தி ட்வைலைட் ஸோன்’ எம்ஜிஎம் வளாகத்தில் படமானது. ஆகவே 1956-இல் வந்த ‘ஃபர்பிடன் பிளானட்’ திரைப்படத்தின் உடைகளும் பறக்கும் தட்டும் அதில் பலமுறை தலைகாட்டின. 1960-இல் வந்த ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ ஒரே தெருவில் நிகழ்கிறது. மின்சாரம் நிற்கிறது, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். வேற்றுலகவாசிகள் கடைசிச் சில நொடிகளில் மட்டும், இரவல் உடையில் தோன்றுகிறார்கள். ‘பொனான்ஸா’ தொடரில் கார்ட்ரைட் குடும்பத்தினர் ஆண்டுக்கணக்கில் ஒரே உடையில் வலம் வந்தார்கள். ஓர் எபிசோடில் எடுத்த குதிரைச் சவாரியை இன்னோர் எபிசோடில் ஒட்ட அது உதவியது. சண்டைக் கலைஞருக்கு மாற்றுடை தைக்கும் வேலையும் எளிதாயிற்று. வார்னர் பிரதர்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனது. 1960-இல் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு தொடரின் பழைய திரைக்கதையை இடமும் பெயரும் மாற்றி வேறு தொடருக்குப் பயன்படுத்தியது. எழுதியவர் பெயராக ‘டபிள்யூ. ஹெர்மானோஸ்’ என்று திரையில் போட்டார்கள். அது ஸ்பானிய மொழியில் சகோதரர்களைக் குறிக்கும் சொல்; நிறுவனம் தன் பெயரையே ஒளித்துவைத்த கேலி.

எலிசனின் இன்னொரு கதைக்கு நேர்ந்தது வேறு. ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரில் 1964 அக்டோபரில் வந்த ‘டெமன் வித் எ கிளாஸ் ஹேண்ட்’ முதலில் நாடு முழுவதும் ஓடும் துரத்தலாகத் திட்டமிடப்பட்டது. அதற்குப் பணமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 1893-இல் கட்டப்பட்ட பிராட்பரி கட்டடத்துக்குள் முழுக் கதையும் அடைக்கப்பட்டது. ஊர் ஊராக ஓட வேண்டியவன் மாடி மாடியாக ஏறுகிறான். இரும்புக் கம்பி வேலைப்பாடும் திறந்த மின்தூக்கியும் கொண்ட அந்தக் கட்டடம் பொறியாகவே மாறி, நாயகனின் தனிமையை நெடுஞ்சாலைகள் காட்டியிருக்கக்கூடியதைவிட அழுத்தமாகக் காட்டிவிட்டது. எழுதும் கட்டத்திலேயே வரம்பு தெரிந்து, கதையின் எலும்புக்கூடே அதற்கேற்ப மாற்றப்பட்டதுதான் இங்கே நடந்தது. பின்னால் வரும் உதாரணங்களிலும் வெற்றி தோல்வியைப் பிரிப்பது பெரும்பாலும் இதுவே. பணம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அது குறையும் செய்தி எழுதுபவரிடம் எப்போது வந்தது என்பதற்கு எடை அதிகம்.

லைம் குரோவின் எழுபத்தைந்து நிமிடங்கள்

பிரிட்டிஷ் நாடகத்தின் சிக்கனம் வேறு வகை. அங்கே முக்கியமான அலகு ஸ்டுடியோ நேரம். 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு எபிசோடுக்குச் சுமார் 2,300 பவுண்டு ஒதுக்கப்பட்டது. லண்டனில் லைம் குரோவ் வளாகத்தின் நெரிசலான ‘டி’ ஸ்டுடியோவில் வாரத்துக்கு ஓர் எபிசோடு பதிவானது. நான்கு நாள் ஒத்திகை. ஐந்தாம் நாள் மாலை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் 25 நிமிட நாடகம் முடிந்தாக வேண்டும். அக்கால வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது கடினம், செலவும் கூட. ஆகவே காட்சிகள் மேடை நாடகம்போல வரிசையாக, நிறுத்தாமல் நடிக்கப்பட்டன. ‘டாக்டர்’ என்ற நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னல் வசனம் தடுமாறிய இடங்கள் இன்றும் அப்படியே இருப்பதற்குக் காரணம், அவற்றை மறுபடி எடுக்க நேரமில்லாததே.

தொடரின் மூன்றாவது கதை ‘தி எட்ஜ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ இந்தச் சூழலின் நேரடிக் குழந்தை. முதலில் 13 எபிசோடுகளுக்கே அனுமதி இருந்தது. நான்கு எபிசோடு கொண்ட முதல் கதையும் ஏழு கொண்ட இரண்டாம் கதையும் போக மிச்சம் இரண்டு. புதிய செட்டுக்கும் புதிய நடிகருக்கும் பணமில்லை. கதைப் பொறுப்பாசிரியர் டேவிட் விட்டேக்கர், நான்கு நிரந்தர நடிகர்களை மட்டும் விண்கலத்துக்குள் அடைத்து எழுதினார். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்ற பயத்தில் நால்வரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். தர்க்கம் ஆங்காங்கே தள்ளாடுகிறது. கோளாறுக்குச் சொல்லப்படும் காரணம் சிறுபிள்ளைத்தனமானது. ஆனால் அதுவரை முரட்டுக் கிழவராக இருந்த டாக்டர், தான் சந்தேகித்த ஆசிரியை பார்பராவிடம் இறங்கிவந்து பேசுவது இங்கேதான். நால்வரும் ஒரு குடும்பமாவதும் இங்கேதான். வெளியிலிருந்து பகைவர் வந்திருந்தால் இதற்கு நேரம் இருந்திருக்காது.

அதற்கு முந்தைய கதையில் அறிமுகமான டாலெக்குகள் என்ற எதிரிகளின் உருவங்கள் நான்கே நான்கு செய்யப்பட்டன. கூட்டமாகத் தெரிய வேண்டிய காட்சிகளில், முழு அளவுப் புகைப்படங்களை அட்டையில் ஒட்டிப் பின்னால் நிறுத்தினார்கள். அந்த வடிவத்தைப் படைத்த ரேமண்ட் கியூசிக் பிபிசியின் மாதச் சம்பள ஊழியர். பொம்மைகளாகவும் புத்தகங்களாகவும் டாலெக்குகள் பெரும் பணம் ஈட்டியபோது அவருக்குப் பங்குத் தொகை ஏதும் கிடைக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து வரம்பு ஓர் எபிசோடை விட்டுத் தொடரின் அடித்தளத்தையே தொட்டது. 1970 முதல் வண்ணத்தில் ஒளிபரப்ப வேண்டும். கிரகத்துக்குக் கிரகம் செட் போட்டால் கட்டாது. 1969-இல் வந்த ‘தி வார் கேம்ஸ்’ கதையின் முடிவில் டாக்டருக்கு அவருடைய இனத்தாரே தண்டனை விதித்து, பூமிக்கு நாடு கடத்துகிறார்கள். சமகால இங்கிலாந்தின் தொழிற்சாலைகளும் கல்குவாரிகளும் இனி அவருக்கு உலகம். ஆண்டுக்கு 44 ஆக இருந்த எபிசோடுகள் 25 ஆகக் குறைந்தன. புதிய கதைப் பொறுப்பாசிரியர் டெரன்ஸ் டிக்ஸிடம் எழுத்தாளர் மால்கம் ஹல்க் ஒரு சங்கடத்தைச் சுட்டிக்காட்டினார்: பூமியை விட்டு நகர முடியாதவனுக்கு இரண்டே கதைகள், வேற்றுலகப் படையெடுப்பு அல்லது கிறுக்குப் பிடித்த விஞ்ஞானி. ஹல்க் தானே இதற்கு ஒரு மாற்று வழியும் கண்டார். 1970-இல் அவர் எழுதிய ‘டாக்டர் ஹூ அண்ட் தி சைலூரியன்ஸ்’ கதையில் வரும் ஊர்வன இனம் வெளியிலிருந்து வரவில்லை. மனிதருக்கு முன்பே பூமியை ஆண்டு, நிலத்தடியில் உறங்கியவர்கள் அவர்கள். மண் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி, போக இடமில்லாத ஒரு தொடருக்குள் அப்படி நுழைந்தது. 1972-73-இல் பத்தாம் ஆண்டுக் கதையில் டாக்டரின் தண்டனை விலக்கிக்கொள்ளப்பட்டது.

வரலாற்று நாடகங்கள் வேறொரு வித்தையைப் பழகின. நிகழ்வைக் காட்டாமல் அதைப் பார்ப்பவரைக் காட்டுவது. 1976-இல் பிபிசி எடுத்த ‘ஐ, கிளாடியஸ்’ முழுக்க ஸ்டுடியோவுக்குள் உருவானது. ரோமாபுரியின் போட்டிக் களம் திரையில் வருவதே இல்லை. அரச குடும்பத்தார் மேடையில் அமர்ந்து கீழே பார்க்கிறார்கள். கூட்டத்தின் இரைச்சல் கேட்கிறது. யார் சிரிக்கிறார்கள், யார் முகம் சுளிக்கிறார்கள், யார் இரத்தத்தைக் கவனிக்காமல் சதி பேசுகிறார்கள் என்பதே காட்சி. அகஸ்டஸ் குடும்பத்தின் குணத்தைச் சொல்ல வாள்சண்டையைவிட இது பொருத்தமான வழி. ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரில் வீட்டு எஜமானி மார்ஜரி சீமாட்டி டைட்டானிக் கப்பலில் இறக்கிறார். நடிகை ரேச்சல் கர்னி விலக விரும்பியதால் பாத்திரம் முடிக்கப்பட்டது. கப்பலைக் காட்டும் பேச்சுக்கே இடமில்லை. செய்தி வீட்டுக்கு வருகிறது. பிழைத்துவந்த பணிப்பெண் பித்துப்பிடித்தவள்போல நகைப்பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். இங்கே குறை என்று எதையும் பார்வையாளர் உணர்வதில்லை. வீட்டுக்குள் நடக்கும் கதை என்று தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டதால், வெளியுலகம் கதவு வழியாக வருவதுதான் அதன் இலக்கணம்.

ஒட்டுப்போட்ட எபிசோடுகள்

வரம்பு பிந்தி வரும்போது நிலைமை வேறு. ஸ்டார் ட்ரெக் முதல் பருவத்தின் நடுவிலேயே திரைக்கதைகளும் தந்திரக் காட்சிகளும் நேரத்துக்கு வராமல் தட்டுப்பாடு வந்தது. நிராகரிக்கப்பட்ட ‘தி கேஜ்’ பெட்டிக்குள் கிடந்தது. அதன் காட்சிகளைச் சுற்றி ஒரு நீதிமன்ற விசாரணையைப் பின்னி, ‘தி மெனாஜரி’ என்ற இரண்டு பாகக் கதையாக 1966 நவம்பரில் வெளியிட்டார்கள். ஒரு வாரப் படப்பிடிப்பில் இரண்டு வாரத் தீனி கிடைத்தது. பழைய முன்னோட்டத்தில் கேப்டனாக நடித்த ஜெஃப்ரி ஹன்டர் தொடரை விட்டு விலகியிருந்தார். ஆகவே அந்தக் கேப்டன் விபத்தில் உருக்குலைந்து, பேச்சிழந்து, விளக்கொளியால் மட்டும் பதில் சொல்லும் நோயாளியாகச் சித்திரிக்கப்பட்டார். கனத்த ஒப்பனைக்குள் வேறு நடிகர். பழைய காட்சிகளில் இளமையும் வலிமையுமாக அதே கேப்டன் ஹன்டரின் உருவில் நடமாடுவதால், ஆளில்லாக் குறை கதையின் உருக்கமாக மாறிவிட்டது. அடுத்த ஆண்டு இதற்கு ஹியூகோ விருது கிடைத்தது.

இந்த வெற்றி எளிதில் திரும்ப வருவதில்லை. இரண்டாம் தலைமுறைத் தொடரான ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தன் இரண்டாம் பருவத்தில் ‘எலிமென்டரி, டியர் டேட்டா’, ‘க்யூ ஹூ’ ஆகிய எபிசோடுகளில் வரம்பு மீறிச் செலவிட்டது. அதை ஈடுகட்ட, 1989 ஜூலையில் பருவத்தின் கடைசி எபிசோடாக வந்த ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ மூன்றே நாளில் எடுக்கப்பட்டது. நோயுற்ற அதிகாரி படுக்கையில் கிடக்க, அவர் நினைவுகளாகப் பழைய எபிசோடுகளின் துண்டுகள் ஓடுகின்றன. தொடரின் மிக மோசமான எபிசோடு எது என்று கேட்டால் ரசிகர்கள் பெரும்பாலும் இதையே சொல்வார்கள். ‘தி மெனாஜரி’ காட்டிய பழைய காட்சிகளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இதிலோ அவை சில மாதங்களுக்கு முன் பார்த்தவையே.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டுடியோ மறுபடியும் அப்படி ஒரு துண்டுத் தொகுப்பைக் கேட்டது. தயாரிப்பாளர்கள் மறுத்து, அதே அளவு மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி ‘தி டிரம்ஹெட்’ என்ற கதையை எடுத்தார்கள். ஜெரி டெய்லர் எழுதி, நடிகர் ஜொனாதன் ஃபிரேக்ஸ் இயக்கிய இது 1991 ஏப்ரலில் வந்தது. கப்பலில் நடந்த ஒரு வெடிப்பை விசாரிக்க வரும் ஓய்வுபெற்ற அதிகாரி, துரோகிகளைத் தேடித் தேடி அப்பாவிகளை வதைக்கத் தொடங்குகிறார். அந்த வேடத்தில் ஜீன் சிம்மன்ஸ். ஓர் அறை, சில நாற்காலிகள், நீண்ட கேள்விகள். தந்திரக் காட்சி கிட்டத்தட்ட இல்லை. பணம் இல்லை என்பது ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ எடுத்தவர்களுக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். இவர்களுக்குத் திரைக்கதை எழுத அவகாசம் இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உதாரணம், மூல ஸ்டார் ட்ரெக்கின் மூன்றாம் பருவம். 1968-இல் வந்த ‘ஸ்பெக்டர் ஆஃப் தி கன்’ கௌபாய் ஊரில் வெளிப்புறப் படப்பிடிப்பாக நடக்க வேண்டியது. பணம் குறைந்ததும் ஸ்டுடியோவுக்குள் வெறும் முகப்புகளையும் பாதிச் சுவர்களையும் நிறுத்தி, பின்னால் சிவப்பு வானம் போட்டார்கள். கேப்டனின் மனத்திலிருந்து உருவான ஊர் அது, ஆகவே அரைகுறையாக இருக்கிறது என்று கதை சொல்லிக்கொள்கிறது. மாயத்தோட்டா நம்பாதவனைக் கொல்லாது என்ற முடிச்சுக்கு அந்த அரைகுறைத் தோற்றம் கச்சிதம். சில வாரம் கழித்து வந்த ‘தி எம்பாத்’ இருட்டு மேடையில் சில பொருள்களை மட்டும் வைத்து நடக்கிறது. பார்வைக்கு அழகு, ஆனால் கதை அந்த வெறுமையை நிரப்பும் அளவுக்குச் செறிவானதல்ல என்றே சொல்ல வேண்டும்.

டேப்பா, ஃபிலிமா

‘தி ட்வைலைட் ஸோன்’ இரண்டாம் பருவத்தில் சிபிஎஸ் நெட்வொர்க் செலவைக் குறைக்கச் சொன்னதால், ஆறு எபிசோடுகள் ஃபிலிமுக்குப் பதிலாக வீடியோ டேப்பில் பதிவாயின. எபிசோடுக்கு மிச்சமானது சுமார் 5,000 டாலர். கனமான கேமராக்களை வெளியே கொண்டுபோக முடியாது. நேரடி நாடகம்போல ஸ்டுடியோவுக்குள் பல கேமராக்களால் எடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேடமிடும் குடிகாரனின் கதையான ‘தி நைட் ஆஃப் தி மீக்’ இதைத் தாங்கிக்கொண்டது, ஆர்ட் கார்னியின் நடிப்பால். தட்டையான ஒளியில் மற்றவற்றின் மர்மம் வெளிறிப்போனது. இந்தச் சோதனை ஆறோடு நின்றது.

ஐந்தாம் பருவத்தின் முடிவில் கையிருப்பு கரைந்தபோது தயாரிப்பாளர் வில்லியம் ஃபிரவுட் எதையும் எடுக்காமலே ஓர் எபிசோடைப் பெற்றார். ஆம்ப்ரோஸ் பியர்ஸின் சிறுகதையை வைத்து ராபர்ட் என்ரிகோ எடுத்த பிரெஞ்சுக் குறும்படம் கான் விழாவில் பரிசு வென்றிருந்தது. வழக்கமான எபிசோடின் செலவு 65,000 டாலர் அளவில் இருக்க, சுமார் 25,000 டாலருக்கு ஒளிபரப்பு உரிமையை வாங்கி, தொடரின் படைப்பாளர் ராட் செர்லிங்கின் அறிமுக உரையைச் சேர்த்து 1964 பிப்ரவரி 28-இல் ‘ஆன் அக்கரன்ஸ் அட் அவுல் கிரீக் பிரிட்ஜ்’ ஒளிபரப்பானது. அதே படம் பின்னர் ஆஸ்கரும் பெற்றது. வசனமே அரிதான அந்தப் படம், பேச்சையே மூலதனமாகக் கொண்ட ஒரு தொடரின் நடுவே தனித்து நிற்கிறது.

எதில் பதிவு செய்வது என்ற முடிவின் விளைவு ஒளிபரப்போடு முடியவில்லை. வீடியோ டேப் விலை உயர்ந்தது. அழித்து மறுபடி பயன்படுத்தலாம். 1960களிலிருந்து 70களின் பிற்பகுதி வரை பிபிசி ஏராளமான நாடகங்களை அப்படி அழித்தது. டாக்டர் ஹூவில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளைக் காணவில்லை. தப்பியவை பல, வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த 16 மில்லிமீட்டர் ஃபிலிம் பிரதிகள். 2013-இல்கூட நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள் மீண்டன. ஸ்டுடியோ ஊழியர் போராட்டத்தால் முழுக்க ஃபிலிமில் எடுக்க நேர்ந்த 1970-ஆம் ஆண்டின் ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ பழைய டாக்டர் ஹூ கதைகளில் இன்று உண்மையான உயர்தெளிவில் காணக்கூடிய ஒன்று. மூல ஸ்டார் ட்ரெக் 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் இருந்ததால் 2006-இல் புதிதாக ஸ்கேன் செய்து, அன்றைய மலிவான மினியேச்சர் காட்சிகளைக் கணினி வரைகலையால் மாற்றினார்கள். 1987-இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷனும் ஃபிலிமில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் படத்தொகுப்பும் தந்திரக் காட்சிகளின் இணைப்பும் சிக்கனத்துக்காக வீடியோ டேப்பில் நடந்தன. 2012 முதல் அதை உயர்தெளிவுக்கு மாற்றியபோது, மூல ஃபிலிம் சுருள்களைத் தேடியெடுத்து ஒவ்வொரு எபிசோடையும் முதலிலிருந்து தொகுக்க வேண்டியிருந்தது. அதே முறையில் உருவான ‘டீப் ஸ்பேஸ் நைன்’, ‘வாயேஜர்’ ஆகிய தொடர்களுக்கு அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. அவை பழைய டேப்பின் தெளிவிலேயே கிடைக்கின்றன.